சந்தியில் நடந்தது

யாழ்ப்பாணம்.

அன்பின் நண்பனுக்கு,

நீ ஸ்காபரோவிலிருந்து அனுப்பிய காணொளி கிடைத்தது. அது உண்மையா என்று கேட்டிருந்தாய். உண்மைதான். அன்று நான் அந்தச் சந்தித் தேத்தண்ணீர்க் கடையில் இருந்தேன். தலைக்கவசத்தைக் கையில் வைத்துக்கொண்டு நின்ற பையனைப் பொலிஸ் உத்தியோகத்தர் ஒருவர் கன்னத்தோடு சேர்த்துக் காதில் அறைந்ததை என் கண்ணாலேயே கண்டேன். ஆனால், காணொளியின் கீழே எழுதியிருந்ததுபோல அவன் பல்கலைக்கழக மாணவனும் அல்லன், ஆஸ்பத்திரியில் உயிருக்குப் போராடவும் இல்லை. மேசன் வேலைக்குப் போகிற பையன். காதிலிருந்து இரத்தம் வந்தது. இன்றுவரை அந்தக் காது சரியாகக் கேட்கவில்லை.

அவனுக்காகக் கோபப்பட்டவர்கள் சேர்த்த பொய்தான் அவனுக்கு எதிராகத் திரும்பியது. மாணவன் எவரும் சாகவில்லை என்று பொய்யை மட்டும் மறுத்துவிட்டு, விழுந்த அறையைப் பற்றிப் பேசாமல் பொலிஸார் ஒதுங்க அது வழிவிட்டது. அவனுடைய முகமோ ஊரெல்லாம் தெரிந்துவிட்டது. கனடாவிலிருந்தும் பிரான்சிலிருந்தும் உறவினர்கள் தொலைபேசியில் எடுத்து விசாரிக்க விசாரிக்க, தாய்க்குப் பயம் கூடிவிட்டது. "முறைப்பாடு ஒன்றும் வேண்டாம், பிள்ளை உயிரோடை இருந்தாக் காணும்" என்று என்னிடம் அழுதார்.

இதைவிட என்னை உறுத்துவது வேறொன்று. நீ பார்த்தது நாற்பது விநாடி. எதிர்ப்பக்கப் பலசரக்குக் கடை வாசலில் இருந்த சிசிரிவி கமரா, வண்டியை மறித்ததிலிருந்து பொலிஸார் புறப்படும்வரை முழுவதையும் பதிந்திருக்கும். அந்தக் கருவி பதினைந்து நாட்களுக்கு ஒருமுறை பழையதை அழித்து, அதன்மேல் புதியதைப் பதியும். ஆயிரக்கணக்கானோர் அந்த நாற்பது விநாடியைப் பகிர்ந்த நாட்களில், கடைக்குப் போய்ப் பதிவை ஒரு பென் டிரைவில் எடுத்துத் தாருங்கள் என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. பத்தடி தள்ளி இருந்த எனக்கும் தோன்றவில்லை. பதினெட்டாம் நாள் சட்டத்தரணியோடு போனபோது கடைக்காரர், "அழிஞ்சு போச்சு ஐயா" என்றார்.

2020இல் தமிழ்நாட்டின் சாத்தான்குளத்தில் தந்தையும் மகனும் பொலிஸாரால் அடித்துக் கொல்லப்பட்டபோது, அந்த நிலையத்துக் கமராக்களின் பதிவு நாளாந்தம் அழியும்படி வைக்கப்பட்டிருந்ததை விசாரிக்கச் சென்ற நீதவான் கண்டறிந்தார். அவ்வாண்டு டிசம்பரில் இந்திய உச்ச நீதிமன்றம் எல்லாப் பொலிஸ் நிலையங்களிலும் கமரா பொருத்தி, பதிவுகளை நீண்டகாலம் பேணவேண்டுமென்று உத்தரவிட்டது. பொலிஸாரின் மார்பில் கமரா மாட்டினாலே எல்லாம் திருந்திவிடும் என்று நீ எழுதியிருந்தாய். வாஷிங்டன் நகரில் இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட பொலிஸாரை வைத்துச் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வில், பலம் பிரயோகிப்பதிலோ அவர்கள்மீது வந்த முறைப்பாடுகளிலோ கமரா அணிந்தவர்களுக்கும் அணியாதவர்களுக்கும் இடையில் குறிப்பிடத்தக்க வேறுபாடு தென்படவில்லை. பதிவு யார் கையில் இருக்கிறது, எத்தனை நாள் இருக்கிறது, அதைக் கேட்டுப் பெறும் உரிமை யாருக்கு உண்டு என்பவற்றைத்தான் நான் முதலில் பார்ப்பேன்.

காணொளியே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. 2023 நவம்பரில் வட்டுக்கோட்டைப் பொலிஸார் கைதுசெய்த இளைஞன், தனக்கு நேர்ந்த சித்திரவதையைத் தன் வாயாலேயே சொன்ன காணொளி இல்லாதிருந்தால், அவன் இறந்த பிறகு அந்த வழக்கு அவ்வளவு விரைவாக நகர்ந்திருக்காது. ஆனால் 2016 ஒக்டோபரில் குளப்பிட்டியில் நம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழக மாணவர்கள் இருவர் இறந்ததை முதலில் விபத்து என்றார்கள் அல்லவா? துப்பாக்கிச் சூட்டுக் காயத்தைக் காட்டிக்கொடுத்தது பிரேத பரிசோதனை. அதன் பிறகே ஐந்து பொலிஸார் கைதாயினர்.

அடிப்படை உரிமை மீறல் மனுவை ஒரு மாதத்துக்குள், நம் நாட்டின் அதியுயர் நீதிமன்றமான உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவேண்டும். அந்தப் பையனுக்கு இன்னும் ஒன்பது நாட்கள் உள்ளன. மூன்று தடவை போய்ப் பேசிய பிறகு தாய் சம்மதித்துவிட்டார். சட்ட வைத்திய அதிகாரியின் அறிக்கை கையில் இருக்கிறது. கண்டதைச் சொல்லிச் சத்தியக் கடதாசி கொடுக்க நானும் ஒப்புக்கொண்டிருக்கிறேன். எத்தனை மணிக்கு நடந்தது என்று சட்டத்தரணி கேட்டார். அடி விழுந்தபோது பிள்ளையார் கோயிலில் மத்தியானப் பூசை மணி அடித்துக்கொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. அதையும் எழுதச் சொன்னேன். உன்னிடம் வந்த காணொளி முதன்முதலில் எந்த எண்ணிலிருந்து, எந்த நாளில் வந்தது என்று பார்த்து எழுது. அதை அழித்துவிடாதே.

அன்புடன்,
உன் நண்பன்