மழைப் புத்தகங்கள் என்னிடம்தான் இருக்கின்றன

வட்டவளை

அன்புள்ள சிவா,

இங்கே எல்லோரும் சுகம். அம்மாவுக்கு மட்டும் குளிரோடு முழங்கால் வலி கூடிவிட்டது. உன் மகளின் சாதாரண தரப் பெறுபேறு அக்கா சொல்லித்தான் தெரியும். கடிதம் போட நேரமில்லாத பெரிய மனிதனாகிவிட்டாய்! சிங்கமலைச் சுரங்கத்துக் கதையை மகளிடம் சொல்லிவிடுவேன், ஜாக்கிரதை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். நம்ம தேயிலைத் தோட்டத்து ஆபீசைத் திருத்துகிறார்கள். பழைய மழைப் புத்தகங்களை ஸ்டோர் அடுப்பில் போடக் கட்டி வைத்திருந்தார்கள். "எல்லாம் செய்மதியில் வருகிறதே, இது எதுக்கு?" என்று கேட்டார் உதவி மேலாளராகப் புதிதாக வந்த சின்னத்துரை. எனக்கு வயிறு எரிந்தது. கட்டுகளை அப்படியே வீட்டுக்குத் தூக்கி வந்துவிட்டேன். தினமும் காலையில் மழையை அளந்து அங்குலத்தில் எழுதியவை. ஓரத்தில் "பாலம் உடைந்தது", "கொழுந்து இல்லை" என்று உன் அப்பாவின் சாய்ந்த எழுத்து.

செய்மதியை நான் குறை சொல்லவில்லை. 2014இல் நாசாவும் ஜப்பானும் ஏவிய ஜீ.பீ.எம். என்ற மழை அளக்கும் செய்மதியோடு பல நாட்டுச் செய்மதிகளையும் சேர்த்து, அரை மணிக்கொரு தரம் உலக மழையைக் கணக்குப் போடுகிறார்கள். நடுக்கடலில் யார் போய் மழைமானி வைப்பது? ஆனால் நம்ம மழை வேறு. தென்மேல் காற்று மலையில் மோதி ஏறும்போது தாழ்ந்த மேகமே கொட்டித் தீர்க்கும். அதன் உச்சி அவ்வளவு குளிராக இராது, உள்ளே பனிக்கட்டியும் குறைவு. தரையில் பெய்யும் மழையைச் செய்மதி மதிப்பிடுவது பெரும்பாலும் அந்தக் குளிரையும் பனிக்கட்டியையும் வைத்துத்தான். அதனால் இங்கே ஊற்றுகிற மழை அங்கே தூறலாகிவிடும். அது போக, செய்மதிக் கணக்கில் நிலத்தைக் கட்டம் கட்டமாகத்தான் பிரிக்கிறார்கள்; ஒரு கட்டத்தின் பக்கம் ஏறக்குறைய 10 கிலோமீட்டர். நம்ம தோட்டமும் மலைக்கு அந்தப் பக்கமும் ஒரே கணக்கில் கலந்துவிடும்.

இதைத் திருத்துவதே மழைமானிதான். ஜெர்மனியில் ஒரு மையம் 1989இலிருந்து பல நாட்டு மழைமானிக் கணக்குகளைச் சேர்த்து வருகிறது. செய்மதியின் முதல் கணக்கு நாலு மணி நேரத்தில் வரும். மழைமானியோடு பொருத்தித் திருத்தியது வர மூன்றரை மாதம் ஆகும். கீழே அளப்பதை நிறுத்திவிட்டால் மேலே இருப்பதை எதை வைத்துத் திருத்துவது?

மீரியபெத்தைத் தோட்டத்து மண்சரிவை நினைத்துப் பார் சிவா. 2014 ஒக்டோபர் 29. தொழிலாளர் குடியிருந்த லயங்கள் அப்படியே மண்ணுக்குள் போயின. மண்சரிவு எச்சரிக்கையில், 24 மணி நேரத்தில் மழை 75 மில்லிமீட்டர் தாண்டினால் கவனம், 150 தாண்டினால் வெளியேறு என்கிறார்கள். 150ஐ 60 என்று காட்டும் ஒரு கணக்கை நம்பி லயத்தில் பிள்ளைகளைப் படுக்க வைக்க முடியுமா?

அதனால் உனக்கு வேலை வைத்திருக்கிறேன். பக்கங்களைப் போனில் படமெடுத்து அனுப்புகிறேன். அங்குலத்தை 25.4ஆல் பெருக்கி எக்செல்லில் ஏற்று. எழுத்து புரியாத இடத்தில் ஊகிக்காதே, வெறுமையாக விடு. அப்புறம் இரண்டு பேரும் சேர்ந்து வளிமண்டலவியல் திணைக்களத்துக்கு எழுதுவோம்.

செல்லரித்த கட்டு முதலில் வரும். போன் அடித்து "பார்க்கலாம்" என்று மட்டும் சொல்லாதே.

உன்,
ராஜன்