அந்தியில் சூரியன் கோணேசருக்குப் பின்னால் நிற்பதில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

திருகோணமலை நகரக் கடற்கரையில் நின்று எடுத்த படத்தில், கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலைக்குப் பின்னால் சூரியன் தெரிந்தால், அது விடியற்காலைப் படம். ஆனால் அதற்கு 'அந்தியில் கோணேசர்' என்று குறிப்பு எழுதுவது வழக்கமாகிவிட்டது. கோயில் நகருக்குக் கிழக்கே, கடலுக்குள் நீண்ட பாறையின் நுனியில் இருக்கிறது. பொழுது படுவது நம் முதுகுப்பக்கம்.

அந்தியில் அங்கே கிடைப்பது வேறு. பொழுதுபட்ட சில நிமிடங்களில் கீழ்வானத்தின் அடியில் சாம்பல் நீலமும் அதன்மேல் இளஞ்சிவப்புமாக ஒரு பட்டை எழும்; அந்தச் சாம்பல் பூமியின் நிழல். அது கரைந்தபின், பொழுதுபட்டு 15 நிமிடமளவில், வானத்து நீலமும் கோயில் விளக்குகளும் ஒரே பிரகாசத்துக்கு வரும். இந்தப் பக்கத்தில் சூரியன் நேராக இறங்குவதால் அந்தப் பொருத்தம் பத்து நிமிடம்கூட நிற்காது. நவம்பர் நடுவில் 5.45க்கு முன்பே பொழுது படும், ஜூலையில் 6.30 ஆகும். கருக்கல் முற்றியபின் எடுத்தால் கறுப்பு வானத்தில் வெள்ளைப் பொட்டுகள்தான் மிஞ்சும்.

ஐ.எஸ்.ஓ. (ஒளியுணர்திறன்) 100, எஃப் (லென்ஸ் திறப்பு) 8, ஒளிபடும் நேரம் 4 விநாடி என்று தொடங்கி, இருள இருள நேரத்தை 8, 15 விநாடி என்று கூட்டலாம். விளக்குகள் வெளிறினால் அதே இடத்தில் 1 விநாடிப் படம் ஒன்றும் எடுத்துப் பின்னர் இணையுங்கள். ஃபோகஸை வெளிச்சம் இருக்கும்போதே விளக்கில் வைத்துப் பூட்டிவிட வேண்டும். முக்காலியில் நிற்கும் கமராவில் ஆட்டம் குறைக்கும் வசதியை நிறுத்துங்கள். லென்ஸின் முன் யு.வி. கண்ணாடி வேண்டாம், விளக்கு ஒவ்வொன்றுக்கும் ஒரு பேய் விளக்கு வானத்தில் விழும்.

படம் கெடுவது பெரும்பாலும் மணலால். அலை திரும்பும்போது முக்காலியின் காலடி மணலையும் இழுத்துக்கொண்டு போகும், விளக்குகள் கோடாகிவிடும். அலை எட்டாத இடத்தில் கால்களை ஒரு சாண் ஆழம் இறக்குங்கள். வாடைக்காலத்தில் காற்று கடலிலிருந்து நேரே முகத்துக்கு வரும். லென்ஸில் உப்பு படிந்தால் உலர்துணியால் தேய்க்கக்கூடாது, கீறல் விழும். முதலில் ஊதி, பிறகு ஈரத்துணி.

நிலவோடு வேண்டுமென்றால் போயாவுக்கு (முழுநிலா நாளுக்கு) முதல்நாள் போங்கள். பொழுது படுமுன்பே நிலவு எழுந்துவிடும், வானத்திலும் வெளிச்சம் இருக்கும். மார்கழி நிலவு வடகிழக்கிலும் ஆனி நிலவு தென்கிழக்கிலும் எழுவதால் நிற்கும் இடத்தை மாற்ற வேண்டும்.

ட்ரோன் ஆசை வேண்டாம். கோயிலுக்குப் போகும் வழியான பிரெட்ரிக் கோட்டைக்குள் இராணுவ முகாம் இருக்கிறது.

இப்படிக்கு,
ஒளிப்பட ஆர்வலர்,
உப்புவெளி, திருகோணமலை