முதலில் திரும்பும் படகைப் பாருங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மாலத்தீவுப் பள்ளிகளில் ஆசிரியர் வேலை குறித்துத் தங்கள் நாளிதழின் வேலைவாய்ப்புப் பக்கத்தில் வந்த கட்டுரையைப் படித்தோம். ஒப்பந்தம், சம்பளம், சான்றிதழ் சரிபார்ப்பு எல்லாம் தெளிவாக இருந்தன. வார விடுமுறைக்கு மட்டும் ஒரே ஒரு வரி: நண்பர்களோடு தீவு தீவாகச் சுற்றி வரலாம் என்று. சுற்றி வரலாம் என்பது உண்மை. எப்படிச் சுற்ற வேண்டும் என்பது ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, கூடலூர், பந்தலூர் பக்கத்திலிருந்து போகும் பிள்ளைகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டும். தேயிலை எஸ்டேட் லைன் வீடுகளிலும் படுகர் ஊர்களான ஹட்டிகளிலும் வளர்ந்தவர்களில் பலர் முழங்காலுக்கு மேல் தண்ணீரில் இறங்கியிருக்க மாட்டார்கள். அவர்கள் நேராகப் போய் இறங்குவது நாலாபுறமும் கடல் சூழ்ந்த, ஒரு மணி நேரத்தில் நடந்து முடிக்கக்கூடிய ஒரு துண்டு நிலத்தில்.

அங்கே வார விடுமுறை வெள்ளியும் சனியும். ஞாயிறு காலை பள்ளி திறந்துவிடும். மலிவான அரசுப் படகுப் போக்குவரத்து பல தடங்களில் வெள்ளிக்கிழமை ஓடாது. சனிக்கிழமையும் நாளுக்கு ஒரே நடை என்பது பல தீவுகளில் வழக்கம். எனவே எந்தத் தீவுக்குப் போகலாம் என்று தொடங்கும் பேச்சு பெரும்பாலும் தவறான இடத்தில் தொடங்குகிறது. சனிக்கிழமை திரும்பி வர எந்தப் படகு, எத்தனை மணிக்கு, அது போனால் அடுத்தது எது என்பதுதான் முதல் கேள்வி. அதற்கு விடை கிடைக்கும் தீவுகள் மட்டுமே அந்த வாரத்துக்கான தீவுகள்.

போவதற்கு ஏற்ற நேரம் வியாழன் பிற்பகல், பள்ளி விட்டதும். உள்ளூர்க்காரர்களும் சொந்தத் தீவுக்குப் போவது அன்றுதான் என்பதால் செவ்வாய்க்குள் இருக்கை சொல்லி வைக்க வேண்டும். திரும்புவதற்குச் சனிக்கிழமையின் கடைசிப் படகை நம்பவே கூடாது. காற்று கிளம்பினால் ரத்தாகும். ஞாயிறு வகுப்பு போகும். ஒரு நாள் சம்பளம் பிடிப்பார்கள். தலைமையாசிரியர் அடுத்த முறை அனுமதிக்கவும் யோசிப்பார். சனி காலைப் படகிலேயே திரும்புவதாக வைத்துக்கொண்டால், அது நின்றாலும் மாலையில் ஒன்று கையில் இருக்கும். வெள்ளி நண்பகலில் தொழுகைக்காகக் கடைகள் எல்லாம் மூடிவிடும். அதற்கு முன்பே குடிநீரும் சாப்பாடும் வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

படகு என்றால் அங்கே இரண்டு வகை. தோணி வகைப் பயணிகள் படகு மெதுவாகப் போகும். ஆனால் கனமாக, நிதானமாகப் போகும். லாஞ்ச் என்று அவர்கள் சொல்லும் ஸ்பீட்போட் விரைவாகப் போகும், கட்டணம் பல மடங்கு. தலைநகர் மாலேயிலிருந்து மாஃபுஷி தீவுக்குத் தோணியில் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம்; லாஞ்சில் முப்பது, நாற்பது நிமிடம். அலை இருக்கும் நாளில் லாஞ்சின் முன்பக்கத்தில் உட்காரக் கூடாது. மூக்குப்பகுதி எழும்பி எழும்பித் தண்ணீரில் அறையும். அந்த அடி நேராக முதுகெலும்பில் இறங்கும். முதுகெலும்பு நொறுங்குவது வரை போனவர்கள் உண்டு. பின்பக்கம், நடுவில், காலைத் தரையில் ஊன்றி உட்கார வேண்டும். கர்ப்பிணிகளும் முதுகுவலிக்காரர்களும் தோணியில் போவதே நல்லது.

நண்பர்கள் எட்டு, பத்துப் பேர் சேர்ந்து லாஞ்சைத் தனியாக வாடகைக்குப் பேசுவது உண்டு. பேசும்போதே கேட்டுவிட வேண்டியவை: எரிபொருள் கட்டணத்தில் சேர்ந்ததா, படகு அங்கேயே காத்திருக்குமா அல்லது இறக்கிவிட்டுப் போய்விடுமா, எஞ்சின் ஒன்றா இரண்டா, வயர்லெஸ் இருக்கிறதா, இருட்டுவதற்குள் திரும்பிவிடுமா. இரண்டு எஞ்சின் இருந்தால் ஒன்று நின்றாலும் மற்றொன்று கரை சேர்க்கும். ஒரே எஞ்சின் படகில் அடோலை (பவளத்திட்டு வளையத்தை) விட்டு வெளிக்கடலைக் கடக்க ஒப்புக்கொள்ள வேண்டாம். லைஃப் ஜாக்கெட் தலைக்கு ஒன்று இருக்கிறதா என்று எண்ணிப் பார்த்தால் மட்டும் போதாது, போட்டுப் பார்க்க வேண்டும். கொக்கிகளை மாட்டிய பிறகு இரண்டு தோள்பட்டைகளையும் இன்னொருவர் மேலே இழுக்கட்டும். காதுவரை ஏறினால் அது பெரிது; தண்ணீரில் விழுந்தால் ஆளை விட்டு நழுவும்.

மலைப்பாதையில் வாந்தி எடுப்பவர்களுக்குக் கடலிலும் வரும். மேட்டுப்பாளையம் பஸ்ஸுக்கு முன் போட்டுக்கொள்ளும் அதே மாத்திரை இங்கும் உதவும். ஏறுவதற்கு ஒரு மணி நேரமாவது முன்பு போட வேண்டும், தலை சுற்றிய பிறகு போட்டுப் பயனில்லை. எந்த மாத்திரையை ஊரிலிருந்து கொண்டு போனாலும் மருத்துவர் சீட்டும் உடன் இருக்கட்டும். தூக்கம், இருமல், கடும் வலி இவற்றுக்கான சில மருந்துகளுக்கு அங்கே கட்டுப்பாடு உண்டு.

பருவத்தைப் பொறுத்தவரை, டிசம்பர் கடைசியிலிருந்து ஏப்ரல் வரை வடகிழக்குப் பருவம். கடல் பெரும்பாலும் அடங்கியிருக்கும். மே முதல் அக்டோபர் வரை தென்மேற்குப் பருவம், காற்றும் மழையும். அந்த மாதங்களில் தீவின் மேற்குக் கரை கொந்தளித்தாலும் கிழக்குக் கரை அமைதியாக இருக்கும். குளிப்பதற்கு அந்தப் பக்கம் போக வேண்டும். தீவுப் பெரியவர்கள் ஆண்டை 27 பகுதிகளாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் பதின்மூன்று அல்லது பதினான்கு நாள் வைத்துக் கடலைக் கணிக்கிறார்கள். அசிதா, புருணு, கெத்தி, ரோனு என்று போகும் அந்த வரிசை நம் அசுவினி, பரணி, கார்த்திகை, ரோகிணியேதான். பெரியவர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். ஆனால் முடிவுக்கு அந்நாட்டு வானிலைத் துறையின் வெள்ளை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு எச்சரிக்கையைப் பாருங்கள். நீச்சல் தெரியாதவர் உள்ள குழு மஞ்சள் அறிவித்த அன்றே பயணத்தைத் தள்ளி வைப்பதுதான் சரி என்பது எங்கள் கருத்து.

இனி, தண்ணீரில் இறங்குவது. எல்லோரும் சுறாவுக்குப் பயப்படுகிறார்கள். பவளத்திட்டில் சுற்றும் கருந்துடுப்புச் சுறாவும் நர்ஸ் சுறாவும் சீண்டாதவரை மனிதரை ஒன்றும் செய்வதில்லை. பயப்பட வேண்டியது நீரோட்டத்துக்கு. அடோல் என்பது வளையமாக அமைந்த பவளத்திட்டு. வளையத்தில் ஆங்காங்கே இடைவெளிகள் உண்டு. அலையேற்றத்திலும் இறக்கத்திலும் உள்ளே இருக்கும் அத்தனை தண்ணீரும் அந்த வாய்கள் வழியாகத்தான் போய்வர வேண்டும். குன்னூர் மலைப்பாதையில் பர்லியாறு பள்ளத்தாக்கில் காற்று குவிந்து பாய்வதைப் போல அங்கே தண்ணீர் பாயும். மேலே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும். உள்ளே ஆளை இழுத்துக்கொண்டு போகும். தண்ணீர் வெளியேறும் நேரத்தில் சிக்கினால் போய்ச் சேரும் இடம் ஆழ்கடல்.

ஆகவே ஸ்நார்க்கெல் (மீன் பார்க்க மிதப்பவர்கள் வாயில் வைக்கும் மூச்சுக்குழாய்) போடுமுன் ஓர் இலையையோ தேங்காய் நாரையோ தண்ணீரில் போட்டு, அது எந்தப் பக்கம், எவ்வளவு வேகமாகப் போகிறது என்று பாருங்கள். முதலில் அதற்கு எதிர்த்திசையில் நீந்துங்கள். களைத்ததும் ஓட்டமே திருப்பிக் கொண்டுவந்து விடும். மாறாகச் செய்தால் களைத்த பிறகு எதிர்நீச்சல் போட வேண்டியிருக்கும். விபத்துகள் அப்படித்தான் நடக்கின்றன. இழுத்துக்கொண்டு போனால் கரையை நோக்கி நேராக முட்டி மோதாமல், பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலக வேண்டும். முடியாவிட்டால் மல்லாந்து மிதந்தபடி கையை உயர்த்திக் காட்ட வேண்டும். இரண்டிரண்டு பேராகப் போக வேண்டும், ஒருவர் கரையிலிருந்து எண்ணிக்கொண்டே இருக்க வேண்டும். மூழ்குபவர் கத்துவதில்லை. குழாயில் தண்ணீர் ஏறி, மூச்சு முட்டி, சத்தமின்றி அடங்கிவிடுவார். கரையில் இருப்பவர்களுக்கு அவர் மீன் பார்ப்பது போலவே தெரியும். முதன்முறை போடுபவர் இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாயால் மட்டும் மூச்சு விட்டுப் பழகிய பிறகே நகர வேண்டும்.

காலில் ரப்பர் செருப்பு இல்லாமல் திட்டில் நடக்கக் கூடாது. பவளம் கீறிய புண் ஆற நாளாகும். நல்ல தண்ணீரில் கழுவாமல் விட்டால் சீழ் வைக்கும். கல்லைப் போலவே கிடக்கும் நச்சு மீனான கல்மீனின் முள் ஏறினால், தாங்கக்கூடிய அளவு வெந்நீரில், 45 டிகிரிக்கு மேல் போகாமல், அரை மணி முதல் ஒன்றரை மணி நேரம் காலை அமிழ்த்தி வைத்துக்கொண்டே சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். சூடு வலியை நன்றாகத் தணிக்கும். ஐஸ் வைக்காதீர்கள்.

நடுக்கடல் மணல்திட்டில் ஒரு பகல் இருந்துவிட்டு வருவது எல்லோருக்கும் பிடிக்கும். நிழல் அறவே இருக்காது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், குடை, முழுக்கைச் சட்டை வேண்டும். குப்புற மிதப்பவர்களுக்கு முதுகும் கெண்டைக்காலும்தான் வெந்து போகும். அங்கே அலையேற்றம் ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆனாலும் தாழ்ந்த திட்டு முழுவதையும் மூட அதுவே போதும். திட்டின் ஓரம் சில இடங்களில் இரண்டு அடி எடுத்து வைத்ததும் ஆழத்தில் சரியும். படகு கண்ணில் படும் இடத்திலேயே நிற்க வேண்டும் என்று முன்கூட்டியே பேசிவிடுங்கள்.

ஆக்சிஜன் உருளை கட்டி ஆழத்துக்குப் போகும் டைவிங்கை விடுமுறைக்கு ஊர் திரும்பும் முன் கடைசி நாளில் வைத்துக்கொள்கிறார்கள். (உருளையில் இருப்பது பெரும்பாலும் அழுத்தப்பட்ட சாதாரணக் காற்றுதான், பேச்சு வழக்கில் ஆக்சிஜன் என்கிறோம்.) இது ஆபத்து. ஆழத்தில் உடலில் கரைந்த நைட்ரஜன், அழுத்தம் குறையும்போது குமிழாகிறது. விமானத்தினுள் இருக்கும் அழுத்தம் ஏறத்தாழ ஊட்டியின் உயரத்தில் இருப்பதற்குச் சமம். பலமுறை டைவ் செய்தவர் குறைந்தது 18 மணி நேரம் கழித்துத்தான் பறக்கலாம். 24 மணி நேரம் விடுவது இன்னும் நல்லது. மூட்டுவலி, மரத்துப்போதல், தலைசுற்றல் வந்தால் தாமதிக்கக் கூடாது. மாலேக்கு அருகில் பண்டோஸ் தீவில் அழுத்த அறைச் சிகிச்சை உண்டு.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறோம். சம்பளம் அந்நாட்டு நாணயமான ரூஃபியாவில் வரும். விடுதி விலையோ டாலரில் இருக்கும். டாலருக்கு 15.42 ரூஃபியா என்பது அதிகாரபூர்வ உச்சவரம்பு. விலையின் பின்னால் இரண்டு கூட்டல் குறி இருந்தால் பத்து சதவீதச் சேவைக் கட்டணமும், அதன்மேல் சுற்றுலாச் சரக்கு சேவை வரியும் வரும். 2025 ஜூலை முதல் அந்த வரி 17 சதவீதம். நூறு டாலர் என்று போட்டிருப்பது கையை விட்டுப் போகும்போது ஏறத்தாழ 129 டாலர். ரிசார்ட்டுக்குப் பதிலாக, மக்கள் வாழும் தீவுகளில் 2009க்குப் பின் அனுமதிக்கப்பட்ட விருந்தினர் இல்லங்களே ஆசிரியர்களுக்குக் கட்டுப்படியாகும். வேலை அனுமதி அட்டையைக் காட்டிக் கேட்டால் படகிலும் அறையிலும் குறைந்த விலை கிடைப்பதுண்டு. சுற்றுலாப் பயணிகளுக்கான பசுமை வரியை உங்கள் கணக்கில் சேர்த்திருக்கிறார்களா என்றும் பாருங்கள்.

எங்கே போவது? நீருக்கு அஞ்சுபவர்களுக்குத் தெற்கே அட்டு அடோல் நல்ல இடம். 1976 வரை பிரிட்டிஷ் விமானப்படை இருந்த கன் தீவிலிருந்து ஹிததூ வரை கடல்மேல் பாதை இணைத்திருப்பதால் சைக்கிளிலேயே தீவுகளைப் பார்க்கலாம். ஃபுவமுலா தீவில் நன்னீர் ஏரிகள் உண்டு. ஆனால் அங்கு போகும் வெளிக்கடல் வழி கடுமையானது. சமூக அறிவியல் ஆசிரியர்கள் வடக்கே உதீமு தீவுக்குப் போகலாம். 1573இல் போர்ச்சுகீசியரை விரட்டிய முகமது தகுருஃபானுவின் மரமாளிகை அங்கே இருக்கிறது. பா அடோலின் ஹனிஃபாரு விரிகுடாவில் ஜூன் முதல் நவம்பர் வரை மந்தா திருக்கைகள் கூடும். வழிகாட்டியும் அனுமதிச்சீட்டும் கட்டாயம். டைவிங் கிடையாது, ஸ்நார்க்கெல் மட்டும்தான்.

மதுவும் பன்றி இறைச்சியும் மட்டுமல்ல, வழிபாட்டுச் சிலைகளையும் அந்நாட்டுக்குள் கொண்டு போகக் கூடாது. ஊரிலிருந்து பெட்டி கட்டும் வீட்டார் இதைக் கவனிக்க வேண்டும். மக்கள் வாழும் தீவுகளில் நீச்சலுடைக்கென ஒதுக்கிய கரை தவிர மற்ற இடங்களில் தோளும் முழங்காலும் மூடிய உடையில் இருக்க வேண்டும்.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால் நீச்சல். ஒப்பந்தம் கையில் வந்த பின் புறப்பட மாதக்கணக்கில் ஆகிறது. அந்தக் காலத்தில் கோவையில் பயிற்சியாளர் உள்ள ஒரு நீச்சல்குளத்தில் சேருங்கள். ஐந்து நிமிடம் மல்லாந்து மிதக்கவும், தரை எட்டாத இடத்தில் தலையை மேலே வைத்திருக்கவும், ஐம்பது மீட்டர் நிற்காமல் நீந்தவும் வந்தால் போதும். மேட்டுப்பாளையத்தில் பவானி ஆற்றில் இறங்கிக் கற்கலாம் என்று நினைக்காதீர்கள். பில்லூர் அணையில் தண்ணீர் திறந்தால் ஆறு திடீரென ஏறும், ஆண்டுதோறும் உயிர் போகிறது. நம் மாவட்டத்துக் கல்வியியல் கல்லூரிகள் வெளிநாட்டுப் பணிக்கான வழிகாட்டு வகுப்பில் ஆங்கில உச்சரிப்புக்குத் தரும் நேரத்தில் ஒரு பகுதியை இதற்கும் தர வேண்டும்.

அடுத்த முறை வேலைவாய்ப்புப் பக்கத்தில் மாலத்தீவு பற்றி எழுதும்போது அந்நாட்டு அவசர எண்களையும் ஒரு பெட்டிச் செய்தியாகப் போட வேண்டுகிறோம்: கடலோரக் காவல் 191, காவல்துறை 119, ஆம்புலன்ஸ் 102.

இப்படிக்கு,
மாலத்தீவுப் பள்ளிகளில் பணியாற்றிய ஆசிரியர்கள் சிலர்,
கோத்தகிரி, நீலகிரி மாவட்டம்.