பளபளக்கும் சாக்கெட் வேண்டாம்

பாப்பா,

நட்டைக் கழற்றுகிற புது மெஷின், அந்த இம்பாக்ட் ரெஞ்சோடு நீ நிற்கும் படம் வந்தது. அம்மா எல்லோருக்கும் காட்டிவிட்டாள். நானும் காட்டினேன். "சொந்தமாக ஒர்க்ஷாப் வைத்திருக்கிறாள்" என்று சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிடுகிறதாம்; உன் அம்மா எதையும் கூட்டித்தான் சொல்வாள். உன் புருவத்துக்கு மேலே தெரிவது பிளாஸ்டரா கிரீஸா என்று இரண்டு பேரும் பெரிதாக்கிப் பார்த்தோம். கிரீஸ்தான் என்று முடிவுக்கு வந்தாயிற்று. அதைப் பற்றிக் கேட்கப் போவதில்லை.

நட்டின் மேல் கவிழ்கிற சாக்கெட்டைப் பற்றித்தான் எழுத வந்தேன். மெஷின் முனையில் நீ மாட்டியிருப்பது பளபளவென்று மின்னுகிறது. அது ராட்செட் கைப்பிடியில் போட்டுக் கையால் திருகுகிற சாக்கெட். பெரும்பாலும் குரோம் வனேடியம் எஃகு, நன்றாகக் கடினமாக்கியது, மேலே குரோம் பூச்சு. கையின் சீரான இழுப்பை அது தாங்கும். ஆனால் இம்பாக்ட் ரெஞ்ச் இழுப்பதில்லை, அடிக்கிறது. உள்ளே இருக்கும் சுத்தியல் நிமிடத்துக்கு ஆயிரக்கணக்கான தடவை அடிக்கிறது. கடினமான எஃகுக்கு அந்த அடி ஒத்துக்கொள்ளாது. விரிசல் விடும், திடீரென்று உடைந்து சிதறவும் செய்யும். பூச்சு வேறு செதிலாகப் பெயர்ந்து தெறிக்கும். சித்தப்பா விஷயம் உனக்குத் தெரியும். அதை நான் திரும்ப எழுத வேண்டியதில்லை.

இம்பாக்ட் சாக்கெட் பெரும்பாலும் குரோம் மாலிப்டினம் எஃகு. சுவர் தடிமனாக இருக்கும், கடினம் ஒரு படி குறைவு. அதனால் அடியை வாங்கி லேசாக நெகிழ்ந்து கொடுக்கும். குரோம் பூச்சு கிடையாது, கறுப்பாக இருக்கும். கறுப்பாக இருப்பதெல்லாம் இம்பாக்ட் சாக்கெட் என்று எடுத்துவிடாதே. பக்கவாட்டில் என்ன பொறித்திருக்கிறது என்று பார். மெஷினில் போடும் சாக்கெட்டுக்கான தரம் ஐ.எஸ்.ஓ. 2725-2. கைச் சாக்கெட்டுக்கு அதே தரத்தின் முதல் பகுதி. இம்பாக்ட் சாக்கெட்டைக் கையால் திருகினால் ஒன்றும் ஆகாது. கைச் சாக்கெட்டை மெஷினில் போடுவதுதான் கூடாது. எதை மாட்டினாலும் காப்புக் கண்ணாடி போட்டுக்கொள்.

இதெல்லாம் எனக்குத் தெரியும் என்று நீ சொல்வாய். தெரியும்தான். நட்டின் மூலை மழுங்கியிருப்பதைத் தொட்டே சொல்கிறவள் நீ. அந்த வயதில் எனக்கு அது வரவில்லை. ஆனால் மெஷின் வாங்கும்போது ஒரு போன் பண்ணியிருக்கலாம். இப்போதெல்லாம் கட்டைவிரல் படம்தான் பதிலாக வருகிறது.

சரி. உன் மெஷினின் சதுர முனை 1/2 இஞ்ச் என்றால் சாக்கெட்டின் சதுர ஓட்டையும் 1/2 இஞ்சாகவே இருக்கட்டும். அடாப்டர் போட்டு 3/8 சாக்கெட்டை மாட்டினால், அடாப்டரின் மெல்லிய முனைதான் முதலில் முறியும். நீளம் கூட்டுகிற எக்ஸ்டென்ஷன், சாய்த்துத் திருப்ப உதவுகிற யூனிவர்சல் ஜாயின்ட் எல்லாமே இம்பாக்ட் வகையாக இருக்க வேண்டும். எக்ஸ்டென்ஷன் நீள நீள நட்டுக்குப் போய்ச்சேரும் அடி குறையும், அதனால் எது குட்டையோ அதைப் போடு. வாய் ஆறு பட்டையாகப் பார்த்து எடு. பன்னிரண்டு முனைச் சாக்கெட் மூலைக்குப் பக்கத்தில் பிடிக்கும், துருப்பிடித்த நட்டை உருட்டிவிடும். இஞ்ச் நட்டில் மி.மீ. சாக்கெட்டைத் திணிக்காதே. 3/4 இஞ்ச் என்பது 19.05 மி.மீ., அதனால் 19 சாக்கெட் சில சமயம் ஏறிவிடும். அந்தத் தைரியத்தில் பட்டைக்குப் பட்டை 1/2 இஞ்ச் இருக்கும் நட்டில் 13-ஐப் போட்டால், 12.7-க்கும் 13-க்கும் உள்ள இடைவெளியில் மூலை போய்விடும்.

சாக்கெட்டின் அடிப்பக்கம் குறுக்கே ஓட்டை இருக்கும். உன் மெஷின் முனையிலும் ஓட்டை இருந்தால் குறுக்கே ஒரு பின்னும், அதைப் பிடித்துக்கொள்ள ரப்பர் ஓ-ரிங்கும் போட்டுக்கொள், சாக்கெட் கழன்று பறக்காது. வெறும் வளையம் மட்டும் இருக்கிற முனையானால் அது தேய்ந்திருக்கிறதா என்று அடிக்கடி பார். முகத்துக்கு நேரே வைத்து டிரிக்கரை அழுத்தாதே. கண்ணாடி போடு.

வீல் நட்டை மெஷினாலேயே இறுக்கி முடிக்காதே. கையால் ஏற்றி, எதிரெதிராக மாற்றி மாற்றி இறுக்கி, கடைசியில் இறுக்கத்தை அளந்து சொல்லும் டார்க் ரெஞ்சில், அந்த வண்டிக்குச் சொன்ன அளவுக்கு. இதையும் நீ அறிவாய்.

பார்சல் அனுப்புகிறேன். இம்பாக்ட் சாக்கெட், 10 முதல் 24 மி.மீ. வரை, எல்லாம் ஆறு பட்டை. வீல் நட்டுக்கு 17, 19, 21 மூன்றும் நீளமான டீப் சாக்கெட்டாகத் தனியே வைத்திருக்கிறேன். அலாய் வீலில் கீறல் விழாமலிருக்கப் பிளாஸ்டிக் உறை போட்டது. பழைய பளபளப்பு செட்டைத் தூக்கி எறிய வேண்டாம், ராட்செட்டோடு வை, மெஷின் பக்கத்தில் வைக்காதே. காப்புக் கண்ணாடி இரண்டு இருக்கிறது. இரண்டும் உனக்குத்தான், ஒன்று தொலைந்துவிட்டது என்று சொல்ல முடியாது பார்.

பார்சல் கைக்கு வந்ததும் போன் பண்ணு. வீடியோவில் பண்ணு, வெளிச்சமான இடத்தில் நின்று. சாக்கெட்டில் பொறித்திருப்பது சரியாக இருக்கிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அப்பா