தொப்பூர் கணவாய் விபத்துகளுக்கு மருத்துவமனை ஒத்திகை நடத்தக் கோரும் மனு

அனுப்புநர்: தொப்பூர், நல்லம்பள்ளி பகுதிப் பொதுமக்கள், ஓய்வுபெற்ற செவிலியர்கள்
பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், தருமபுரி
பொருள்: பெருவிபத்துக்கான மருத்துவமனை ஒத்திகை – மீண்டும் மனு

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். தொப்பூர் இறக்கம் தாங்கள் அறியாததல்ல. பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போன ஒரு லாரி, முன்னால் போகிற அத்தனை வண்டியையும் நசுக்கிவிடுகிறது. 2020 டிசம்பரிலும் 2024 ஜனவரியிலும் பார்த்தோம். முன்பு கொடுத்த மனுக்களுக்கு ரசீதோடு சரி. ஆகவே மறுபடியும் பணிவுடன் வேண்டுகிறோம்.

1. இப்போதைய ஒத்திகை என்பது, சொல்லிவைத்துப் பகலில் தீயணைப்பான் பீய்ச்சிப் போட்டோ எடுப்பதுதான்.

2. சிக்கல் கேஷுவாலிட்டி வாசலில் இருக்கிறது ஐயா. பெருவிபத்தில் நடக்க முடிந்தவர்கள்தான் கிடைத்த ஆட்டோ, காரில் ஏறி முதலில் வந்து சேர்கிறார்கள். சிராய்ப்புக்கும் தையலுக்குமே கட்டில்கள் நிரம்பிவிடும். கேபினை வெட்டி எடுத்த டிரைவர் பிறகுதான் 108-ல் வருவார். இடமில்லாமல் ஆம்புலன்ஸ் ஸ்ட்ரெச்சரிலேயே கிடப்பார். ஸ்ட்ரெச்சர் திரும்பாததால் அந்த வண்டியும் அடுத்த நடைக்குப் போகாது. வாசலிலேயே ஒருவர் நின்று, யாருக்கு முதலில் சிகிச்சை என்று நிறம் கொடுத்துப் பிரித்தால் இது நடக்காது. நடப்பவருக்குப் பச்சை, அவர் காத்திருக்கலாம். மூச்சு நிமிடத்துக்கு 30-க்கு மேல், அல்லது மணிக்கட்டில் நாடி இல்லை, அல்லது சொல்வதைச் செய்யவில்லை என்றால் சிவப்பு, அவருக்கே முதலில் சிகிச்சை. மற்றவர்களுக்கு மஞ்சள், சிவப்புக்கு அடுத்து. மூச்சுப்பாதையைத் திறந்துவிட்டும் மூச்சில்லை என்றால் கறுப்பு, அதாவது காப்பாற்ற வழியில்லாதவர். ஆளுக்கு அரை நிமிடம். சுவரில் போஸ்டர் ஒட்டினால் கைக்கு வந்துவிடுமா? பழக வேண்டாமா?

3. முதலில் மருத்துவமனை வரைபடத்தை விரித்து 2 மணி நேர மேசை ஒத்திகை. அடுத்து, முன்னறிவிப்பில்லாமல் இரவு ஷிப்டில் முழு ஒத்திகை. காயம்பட்டவர்களாக நடிக்க நர்சிங் மாணவர்கள் 30 பேர், கழுத்தில் மூச்சும் நாடியும் எழுதிய அட்டையோடு போதும். பச்சைக்காரர்களை முதலில் அனுப்புங்கள், கூடவே கூச்சல் போட உறவினர்களையும். ஒவ்வோர் அட்டைக்கும் நேரம் குறிக்கத் தனி ஆள் வேண்டும். உண்மையான அவசர நோயாளி வந்தால் ஒத்திகையை நிறுத்த ஒரு சொல்லை முன்பே பேசி வைக்க வேண்டும்.

4. அவசரத்தில் டாக்டர், நர்சுகளைக் கூப்பிடும் அழைப்புப் பட்டியலில் மாறுதலாகிப் போனவர்களின் எண்கள் கிடக்கும். அடித்துப் பார்த்தால்தான் தெரியும்.

5. அன்றே குறைகளை எழுதி, யார், எந்தத் தேதிக்குள் சரிசெய்வது என்று போட வேண்டும். 3 மாதத்தில் மறு ஒத்திகை. இதற்குக் கோடிகள் வேண்டாம் ஐயா, ஓர் உத்தரவு போதும்! 2005 பேரிடர் மேலாண்மைச் சட்டப்படி மாவட்ட ஆணையத்தின் தலைவர் தாங்களே. வேறு யாரிடம் போய்க் கேட்பது?

மேசை ஒத்திகைக்கு மட்டுமாவது ஒரு தேதி குறித்து உத்தரவிடுமாறு மீண்டும் வேண்டுகிறோம்.

இப்படிக்கு,
மேற்கண்ட பொதுமக்கள், செவிலியர்கள்