கெண்டைக்கால் விவகாரம்

அன்புள்ள சுப்பு,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு ஆடி முடியும்போது பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் சேர்த்து வை, நேரில் வாங்கிக்கொள்கிறேன். வீட்டில் எல்லோரும் சுகம். வெள்ளைச்சட்டை மறுபடியும் சீட்டு பிடிக்கிறான். உன்னிடம் வந்தால் ஊரில் இல்லை என்று சொல்லிவிடு.

விஷயம் என் இடது கால். கெண்டைக்காலில் பச்சையாகப் புடைத்து நெளிந்துகொண்டு கிடந்ததை, நரம்பு சுருட்டிக்கொண்டது என்று எண்ணெய் தேய்த்தே இரண்டு வருஷம் ஓட்டினேன். கணுக்காலுக்கு மேலே தோல் கறுத்து அரிக்க ஆரம்பித்ததும் சின்னவள் ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனாள். நர்சிங் படிக்கிறாளே, வீட்டில் இப்போது அவள் ராஜ்ஜியம்தான். "அப்பா, அது நரம்பே இல்லை. சிரை. ரத்தம் இதயத்துக்குத் திரும்புகிற குழாய்" என்றாள்.

காலுக்கு இறங்கிய ரத்தம் எப்படித் திரும்ப மேலே ஏறுகிறது என்று ஒரு நாளாவது யோசித்திருப்போமா? நடக்கும்போது கெண்டைச் சதை இறுகிச் சிரையைப் பிழிகிறது, ரத்தம் மேலே போகிறது. போனது இறங்காமல் உள்ளே குட்டிக் குட்டி வால்வுகள் பார்த்துக்கொள்கின்றன. செல்லையா மாமா கிணற்றில் மோட்டார் குழாயின் அடியில் இருக்கிற ஃபுட் வால்வு ஒழுகி, ஏறின தண்ணீர் இறங்கிவிட, நீயும் நானும் குடம் குடமாக ஊற்றினோமே, என் காலில் அதே கதை. வால்வு ஒழுகுகிறது, ரத்தம் தேங்குகிறது, குழாய் புடைத்துக்கொள்கிறது.

அசையாமல் நின்றால் கணுக்காலில் சிரையின் அழுத்தம் 90 வரை போகுமாம், பிபி பார்க்கிற அதே கணக்கில். நல்ல காலாக இருந்தால் நடந்த கொஞ்ச நேரத்தில் 30க்கு இறங்கிவிடும்.

வால்வு வேலை செய்வதைக் கையிலேயே பார்க்கலாம். கையைத் தொங்கவிட்டு, முன்கையில் புடைத்த சிரை ஒன்றை ஒரு விரலால் அழுத்திக்கொள். இன்னொரு விரலால் அங்கிருந்து முழங்கைப் பக்கம் ரத்தத்தை வழித்துவிட்டு, அந்த விரலை எடு. வழித்த இடம் வெறுமையாகவே கிடக்கும், மேலேயிருந்து சொட்டு இறங்காது. அழுத்திய விரலை எடுத்தால் கீழேயிருந்து சட்டென்று நிரம்பும். இங்கிலாந்தில் வில்லியம் ஹார்வி என்ற டாக்டர் 1628இல் இதைத்தான் படம் போட்டுக் காட்டினார். வால்வுகளை அதற்கு முன்பே விவரித்தவர் அவருடைய வாத்தியார். ஆனால் ரத்தம் கீழே வேகமாக இறங்காமல் தடுக்கத்தான் அவை இருக்கின்றன என்று நினைத்துவிட்டார். நம் கணக்கு வாத்தியார் ஞாபகம் வந்தது.

துணிக்கடையில் இருபத்தேழு வருஷம் நின்றே சேலை விரித்தவன் நான். ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று 2021இல் சட்டம் வந்ததே, எங்கள் மாடிக்கும் ஸ்டூல் வந்தது. அதில் இப்போது சேலைக் கட்டு உட்கார்ந்திருக்கிறது.

டாக்டர் இறுக்கமான நீள சாக்ஸ் கொடுத்திருக்கிறார். காலையில் அதை மாட்டி முடிப்பதற்குள் காபி ஆறிவிடுகிறது, சிரிப்பதற்கு வீடே கூடிவிடுகிறது.

சரி, விளையாட்டு போதும். நீயும் பரோட்டாக் கல் முன்னால் நின்ற இடத்திலேயே நிற்கிறவன். சித்திரையில் கல்யாண வீட்டில் உன் வலது கணுக்கால் செருப்பு வாருக்கு மேல் பிதுங்கியிருந்ததைப் பார்த்தேன், கேட்காமல் வந்துவிட்டேன். இன்று ராத்திரி கைலியைத் தூக்கிப் பார். தோல் கறுத்திருக்கிறதா, அரிக்கிறதா, உள்ளதை எழுது. தங்கச்சியிடம் மறைக்காதே, அவளுக்கும் தனியாக ஒரு கடிதம் போட்டிருக்கிறேன்.

உன்,
ராசு