பழைய கார் உரிமையாளர் சங்கத்தின் ஆண்டறிக்கை: துருவேறிய அடித்தகடுகளை மாற்றிய ஆண்டு

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, செயற்குழு உறுப்பினர்களே, தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை மாவட்டங்களிலிருந்து வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம்.

இவ்வாண்டு சங்கத்தின் உழைப்பில் பெரும்பங்கு ஒரே பணிக்குச் சென்றது. மயிலாடுதுறை உறுப்பினர் ஒருவரின் குடும்பத்தில் 1972 முதல் இருந்துவரும் மார்க் 2 அம்பாசடரின் அடிப்பகுதியில் இற்றுப்போன தகடுகளை வெட்டி எடுத்து, புதிய தகடுகளைப் பொருத்தி, வண்டியை மீண்டும் சாலைக்குக் கொண்டுவந்திருக்கிறோம். இதே நிலையில் இன்னும் பல வண்டிகள் நம்மிடையே இருப்பதால், அப்பணியின் விவரத்தைச் சற்று விரிவாகவே பதிவு செய்ய விரும்புகிறேன்.

வண்டியைப் பார்வையிட்ட நாளில் வெளித்தோற்றத்தில் குறை சொல்ல எதுவும் இல்லை. பெயின்ட் பளபளத்தது, மட்கார்டுகள் நேராக இருந்தன. ஆனால் ஒரு பக்கம் ஜாக்கி கொடுத்துத் தூக்கியதும் அந்தப் பக்கத்துப் பின்கதவு சட்டத்தோடு இறுகித் திறக்க மறுத்தது. அம்பாசடரைப் பற்றி அறிந்தவர்களுக்கு இந்த அடையாளம் ஒன்றே போதும். லாரிக்கும் ஜீப்புக்கும் இருப்பது போல அடியில் தனிச் சேஸி, அதாவது பாரம் தாங்கும் தனி இரும்புச் சட்டம், இந்த வண்டிக்குக் கிடையாது. மோனோகாக் என்று சொல்லப்படும் அமைப்பில், தரைத்தகடும், கதவுகளுக்கு அடியில் நீளவாக்கில் ஓடும் ரன்னிங் போர்டுப் பெட்டியும், குறுக்குச் சட்டங்களும், கூரையைத் தாங்கும் பில்லர்களும் ஒன்றோடொன்று, புள்ளி புள்ளியாகப் போடும் ஸ்பாட் வெல்டிங்கால் இணைந்து, அவையே வண்டியின் எலும்புக்கூடாக நின்று பாரத்தைச் சுமக்கின்றன. ரன்னிங் போர்டு இற்றுப்போனால் வண்டி நடுவில் தொய்கிறது. கதவு இறுகுவது அத்தொய்வின் வெளிப்பாடே ஆகும்.

விரிப்பை எடுத்துவிட்டுச் சிறு சுத்தியலால் தட்டிப் பார்த்தபோது, நல்ல தகட்டின் கணீரென்ற ஓசைக்குப் பதிலாக மந்தமான ஓசையே கேட்டது. முன்பு ஏதோ ஒரு வெளியூர்ப் பட்டறையில் துருவேறிய தகட்டை அகற்றாமலேயே அதன்மேல் புதுத்தகடு ஒட்டி, மேடு பள்ளத்தை நிரப்பும் பட்டிக் கலவை பூசி, வண்ணம் அடித்திருந்தார்கள். இரண்டு தகடுகளுக்கும் இடையில் தங்கிய ஈரம் பழையதையும் புதியதையும் சேர்த்தே தின்றிருந்தது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்வதால், ஸ்பாட் வெல்டிங் இணைப்புகள் பல இடங்களில் பிதுங்கிப் பிரிந்திருந்தன. நம் டிங்கரிங் மேஸ்திரி அவர்கள் அன்று சொன்ன "பட்டி பார்வைக்குத்தான் சார், பாரத்துக்கு இல்ல" என்ற வாக்கியத்தை உறுப்பினர்கள் அனைவரும் மனத்தில் கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

நம் வட்டாரத்தில் இக்கேடு விரைந்து வருவதற்குக் காரணங்கள் உண்டு. வாய்க்கால் கரையிலும் வயல் சாலையிலும் ஓடும் வண்டியின் சக்கர வளைவுகளுக்குள் ஏறும் களிமண் எளிதில் காய்வதில்லை. அது ஈரத்தைப் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் தகட்டை ஒட்டியே இருக்கிறது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் பெட்டிப் பகுதிகளுக்குள் புகும் நீர், வடிதுளைகள் மண்ணால் அடைபட்டிருந்தால் அங்கேயே தேங்கிவிடுகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் பகுதி உறுப்பினர்களுக்கு உப்புக்காற்று கூடுதல் பகை. உப்புப் படிந்த தகடு காற்றிலுள்ள ஈரத்தைத் தானே உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் மழை இல்லாத நாளிலும் அரிப்பு நிற்பதில்லை. 2018 நவம்பர் 16 அன்று கரையைக் கடந்த கஜா புயலின்போது நீரில் நின்ற வண்டிகளை வெளியே கழுவித் துடைத்தவர்கள் பலர். பெட்டிப் பகுதிகளின் உட்புறத்தை நன்னீரால் அலசியவர்கள் மிகச் சிலர். அதன் விளைவை இப்போதுதான் காண்கிறோம்.

பணிக்குத் தை மாதம் தொடங்கிச் சித்திரை வரையிலான காலத்தைத் தேர்ந்தெடுத்தோம். மழைக்காலத்தில் கிரைண்டரால் தேய்த்து வெளுத்த இரும்பு, பிரைமர் அடிப்பதற்குள் மீண்டும் சிவந்துவிடும். வெட்டத் தொடங்கும் முன் இருக்கைகள், விரிப்புகள், பெட்ரோல் டேங்க், எரிபொருள் குழாய்கள் ஆகியவை அகற்றப்பட்டன. பாட்டரி இணைப்பு துண்டிக்கப்பட்டது. மணல் வாளிகளும் தீயணைப்பானும் கைக்கெட்டும் தூரத்தில் வைக்கப்பட்டன. இம்மாதிரியின் முன்சக்கரங்களை ஸ்பிரிங் போலத் தாங்கும் டார்ஷன் பார்கள் என்னும் முறுக்குக் கம்பிகள் பின்னோக்கி நீண்டு, தரைக்கு அடியிலுள்ள குறுக்குச் சட்டத்தில் பிடிப்புக் கொள்கின்றன. அச்சட்டத்தின் அருகே வெட்டும் முன் முறுக்கு விசையை முறைப்படி தளர்த்தாவிட்டால், உயிருக்கே ஆபத்து நேரலாம். மேஸ்திரி அவர்கள் அப்பணியை வேறு எவரிடமும் ஒப்படைக்கவில்லை என்பதை நன்றியுடன் குறிப்பிடுகிறேன்.

வண்டியைச் சமதளத்தில், சக்கரத்தின் மேல் நிற்கும்போது எங்கெல்லாம் பாரம் இறங்குமோ அந்த இடங்களிலேயே தாங்கு கொடுத்து நிறுத்தினோம். கதவுகளைக் கழற்றும் முன் அவற்றைச் சுற்றியுள்ள இடைவெளிகளை அளந்து குறித்துக்கொண்டோம். பிறகு ஒவ்வொரு கதவு வாயிலிலும் குறுக்காக இரும்புக் குழாய்களை வெல்டிங் செய்து, வாயிலின் வடிவம் மாறாதபடி கட்டினோம். மூலைக்கு மூலை அளவெடுத்து, தொய்ந்திருந்த நடுப்பகுதியை மெல்ல மேலேற்றிய பின்னரே முதல் தகடு வெட்டப்பட்டது. ஒரு பக்கத்து வேலை முற்றிலும் முடியும் வரை மறுபக்கத்தைத் தொடக்கூடாது என்ற விதியை இறுதிவரை கடைப்பிடித்தோம். இரு பக்கமும் ஒரே நேரத்தில் திறந்த வண்டியை மறுபடி நேராக்குவது எந்தக் கைக்கும் எளிதல்ல. உறுப்பினர்களில் சிலர் இந்த ஆயத்தம் வேலையை இழுக்கிறது என்று கருதினார்கள். ஆனால் கதவுகள் திரும்பப் பொருந்தியபோது அந்நேரம் வீணாகவில்லை என்பதை அவர்களே ஏற்றுக்கொண்டார்கள்.

தகடு கிடைப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். மேற்கு வங்கத்து உத்தரபாரா ஆலையில் அம்பாசடர் உற்பத்தி 2014-இல் நின்றுவிட்டது. சென்னை புதுப்பேட்டையில் பழைய வண்டிகளிலிருந்து வெட்டி எடுத்த பகுதிகளைப் பார்த்தோம். வெளியில் நன்றாக இருந்தவற்றின் மடிப்புகளுக்குள் துரு ஒளிந்திருந்தது. எனவே இற்றுப்போகாத ஓரங்களின் தடிமனை அளந்து, அதற்கேற்பப் பெட்டிப் பகுதிக்கு 18 கேஜ், அதாவது சுமார் 1.2 மில்லிமீட்டர், தரைத்தகட்டுக்கு 20 கேஜ், அதாவது சுமார் 0.9 மில்லிமீட்டர், சி.ஆர். எனப்படும் குளிர்நிலையில் உருட்டிய இரும்புத் தகடு வாங்கினோம். அட்டையில் வடிவம் வெட்டி, வண்டியில் வைத்துப் பார்த்த பிறகே தகட்டில் வரைந்தோம். பீரோவும் டிரங்குப் பெட்டியும் செய்யும் கும்பகோணம் பட்டறை ஒன்றில் மடிப்புகள் துல்லியமாக அமைந்தன. தடித்த தகடு போட்டால் உறுதி கூடும் என்ற எண்ணம் தவறானது. மெல்லிய பழைய தகடும் தடித்த புதிய தகடும் சேரும் இடத்தில் அசைவெல்லாம் குவிந்து, வெடிப்பு அங்கேயே தொடங்கும். துத்தநாகம் பூசிய ஜி.ஐ. தகட்டைப் பரிந்துரைத்தவர்களும் உண்டு. அதை வெல்டிங் செய்யும்போது எழும் துத்தநாகப் புகை காய்ச்சலையும் நடுக்கத்தையும் உண்டாக்கும் என்பதால் அதைத் தவிர்த்தோம்.

பழைய ஸ்பாட் இணைப்புகளை ஒவ்வொன்றாகத் துளையிட்டுப் பிரித்தோம். பளபளக்கும் நல்ல இரும்பு தென்படும் வரை துருவேறிய பகுதியை வெட்டி நீக்கினோம். மேற்கொண்டு பிழைக்கும் என்ற நம்பிக்கையில் விட்டுவைத்த இடம் எதுவும் இல்லை. சேரும் விளிம்புகளில் துத்தநாகப் பிரைமர் பூசி, புதுத்தகட்டில் துளைகள் இட்டு, அத்துளைகளை, கரியமில வாயுவின் காப்பில் செய்யும் சி.ஓ.2 வெல்டிங்கால் நிரப்பி இணைத்தோம். நீளமான இணைப்புகளை ஒரே ஓட்டத்தில் போடாமல், சிறு சிறு துண்டுகளாக இடம் மாற்றி மாற்றிப் போட்டதால் தகடு சூட்டில் நெளியவில்லை. பெயின்ட் வேலை முடிந்ததும் ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் நீண்ட குழாயால் மெழுகுக் கலவை பீய்ச்சப்பட்டது. வடிதுளைகள் அனைத்தும் திறந்திருக்கின்றனவா என்று கம்பி விட்டுச் சோதித்தோம். வெளியே தெரியாத இந்த இறுதிப் பணிதான் வண்டியின் எஞ்சிய ஆயுளைத் தீர்மானிக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

நாகப்பட்டினம் உறுப்பினரின் பிரீமியர் பத்மினி காரும் மோனோகாக் அமைப்பு கொண்டதே. அதன் தரைத்தகட்டில் ஒரு பகுதி மட்டும் இதே முறையில் மாற்றப்பட்டது. மன்னார்குடி உறுப்பினரின் ஸ்டாண்டர்ட் ஹெரால்டு காருக்குத் தனிச் சேஸி இருப்பதால் வேலை வேறு தன்மையது. பாடிப் பகுதிகளை போல்ட் கழற்றி எடுக்கலாம் என்பது வசதியே. ஆயினும் சேஸியிலிருந்து பக்கவாட்டில் நீளும் கைகள் இற்றிருக்கின்றன. அப்பணி வரும் தை மாதத்திற்கு ஒத்திவைக்கப்பட்டுள்ளது.

சட்ட நிலையையும் உறுப்பினர்கள் அறிந்திருக்க வேண்டும். 2021-இல் மத்திய மோட்டார் வாகன விதிகளில் சேர்க்கப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த வண்டியைப் பழம்பெரும் வாகனமாகப் பதிவு செய்யலாம். ஆனால் அது தன் மூல வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் உள்ளிட்ட பெரும் புதுப்பிப்பு நடந்திருக்கக் கூடாது. புதிய பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். அவ்வாறு பதிவான வண்டியை அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்ட இயலாது என்பதையும் முடிவெடுக்கும் முன் எண்ணிப் பார்க்க வேண்டும். இற்றுப்போன தகட்டை அதே வடிவில், அதே தடிமனில் மாற்றுவது வடிவத்தைப் பேணுவதே என்பது நம் நிலைப்பாடு. அதை எடுத்துரைக்கச் சான்று தேவை என்பதால், வெட்டும் முன்பும், திறந்த நிலையிலும், முடிந்த பின்பும் எடுத்த படங்களும் அளவுக் குறிப்புகளும் சங்கக் கோப்பில் சேர்க்கப்பட்டுள்ளன. சேஸி எண் பொறித்த பகுதி எக்காரணம் கொண்டும் வெட்டப்படவோ தேய்க்கப்படவோ கூடாது.

மாதக் கூட்டங்கள் வழக்கம்போல் நடைபெற்றன. வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் அவர்கள் தனியே வாசிப்பார்கள்.

பொதுக்குழுவின் முன் மூன்று தீர்மானங்களை வைக்கிறேன். ஆண்டுதோறும் ஐப்பசி பிறக்கும் முன் ஒவ்வோர் உறுப்பினரின் வண்டியும் அடிப்பகுதிச் சோதனைக்கு உட்படுத்தப்பட வேண்டும். பாரம் தாங்கும் தகட்டின் மேல் பட்டி பூசி மறைத்த வண்டி, சங்கத்தின் ஊர்வலத்தில் அனுமதிக்கப்படக் கூடாது. நம் மேஸ்திரி அவர்களின் கைத்திறனை இளைஞர் இருவரேனும் கற்றுக்கொள்ள, சங்க நிதியிலிருந்து மாத உதவித்தொகை ஒதுக்கப்பட வேண்டும். இம்மூன்றில் கடைசித் தீர்மானத்தையே அவசரமானதாகக் கருதுகிறேன், ஏனெனில் அவருக்கு வயது எழுபதைக் கடந்துவிட்டது.

இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்காகச் சமர்ப்பிக்கிறேன்.

இங்ஙனம்,
செயலாளர்